லக்மானுக்கு முந்திய துஆ

1

மனிதகுலம் இதுவரை கண்டெடுத்தவற்றில் எல்லாம் மகத்தானது மன்னிப்பு. நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் அதன் பின்னால் கைகட்டி நிற்க வேண்டியவை. இது அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் மன்னித்த கதை.

(இந்தப் பத்தியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பப் படித்தபோது, அந்த இரண்டு பேரில் யாரும் யாரையும் மன்னித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் பத்தி பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அல்மாட்டியின் மேற்கு ஓரத்தில், உய்குர்கள் நெருக்கமாக வாழும் எங்கள் பேட்டையில், வாரப் பத்திரிகை ஒன்று வருகிறது. சென்ற வாரம் அதில் அரைப்பக்கம் ஒரு செய்தி: ‘ஆறாண்டுப் பகையை ஒரே மூச்சில் தீர்த்த யோல்வாஸ் அகா.’ பூவேலைத் தொப்பியும் மெடலுமாக அவர் படம்.

அகா என்றால் அண்ணன். யோல்வாஸ் என்றால் புலி. பேட்டைக்கு ஒரு தலைவர் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கல்யாணம், சாவு, சச்சரவு எதுவும் அவரைத் தாண்டி நடக்காது. எங்கள் தலைவர் பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற புலி. ‘சொற்கள் புண்படுத்தும் முன்பே துஆவை முன்வைத்த தொலைநோக்கு’ என்று பத்திரிகை அவரைப் புகழ்ந்திருந்தது. துஆ என்றால் கை ஏந்திச் செய்யும் பிரார்த்தனை. ‘அக்காட்சியைக் கண்டு பக்கத்து மேஜையில் உணவருந்திக்கொண்டிருந்த ஒருவர் கூடக் கண்ணீர் உகுத்தார்’ என்றும் எழுதியிருந்தது.

அந்தப் பக்கத்து மேஜைக்காரன் நான்தான். கண்ணீர் உகுத்தது உண்மை. இரண்டு நாள் உகுத்தேன். அந்தக் கண்ணீரை எழுதி வைக்கவேண்டும் என்ற ஆசையில்தான் உட்கார்ந்தேன். நடந்தது எனக்குத் தெரியும், முழுவதும் தெரியும். அதில் ஒரு சின்னத் துண்டை எங்கே வைப்பது என்பது மட்டும் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘பனி உருகும் மார்ச் மாதம். நகரத்தின் தெற்கே மலைச் சிகரங்கள் வெள்ளியாய் மின்ன

அடித்துவிட்டேன். அன்று புகைமூட்டத்தில் எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. மேலும், இந்த ஊரில் பல் டாக்டர் விளம்பரம் கூட மலையில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் தொடக்கம்: ‘பட்டுப்பாதையின் ஒட்டகங்கள் ஒரு காலத்தில் சுமந்து வந்த மணம், இன்றும் இந்த உணவகத்தின் வாசலில்

இதையும் அடித்தேன். உய்குர் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே ஒட்டகத்தை அவிழ்த்துவிடுகிறார்கள். என் மேஜையிலிருந்து தெரிந்த ஒரே பாதை கழிப்பறைக்குப் போவது. அதன் வாசலில் தொங்கிய திரை பட்டல்ல, நைலான்.

மூன்றாம் தொடக்கம்: ‘டம்ளரில் காகிதம் இல்லை.’

இது ஒரு மகத்தான கதைக்குத் தொடக்கமாக இருக்க லாயக்கில்லாத வாக்கியம். எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன். வேறெங்காவது உதவும்.

3

இனி நான் ஒதுங்கிக்கொள்கிறேன். கதை ஹுர்ஷிதெமோடு போகட்டும்.

ஹுர்ஷிதெமுக்கு நாற்பத்தாறு வயது. கடை அவளுடையது, மாவும் அவளுடையது, மாவை இழையாக இழுக்கும் கையும் அவளுடையது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் எண்ணெய் தடவிச் சுருட்டி வைத்த மாவைத் துணியால் மூடிவிட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்காக வைத்திருக்கும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

நீள மேஜை. வாசலுக்கு எதிர்க்கோடியில் மரியாதை இடம். அதில் யோல்வாஸ் அகா. அவருக்கு வலப்பக்கம் அவள் அண்ணன் ஸாவுத், லாரி ஓட்டுகிறவன். இடப்பக்கம் அவள் தம்பி திலிவால்டி. சந்தைக்குள் சின்ன லக்மான் கடை வைத்திருக்கிறான்; லக்மான் என்பது கையால் இழுத்த மாவிழையை வேகவைத்துக் குழம்போடு தரும் சாப்பாடு. அக்காவைப் போலவே இழை இழுக்கிறவன். இவர்களைச் சுற்றி, சமாதானம் செய்து வைக்க வந்த ஐந்து பெரியவர்கள். ஐந்து பேரும் பசியோடு வந்திருந்தார்கள்.

அவள் மகளுக்குக் கல்யாணம், இன்னும் பதினைந்து நாளில். தாய்மாமன் இரண்டு பேர். ‘அவன் வந்தா நான் வரலை’ என்று இரண்டு பேரும் தனித்தனியாக, ஒரு சொல் பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இன்று தீரவில்லை என்றால், எந்த மாமனை விட்டுவிடுவது என்று மகளிடம் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஹுர்ஷிதெம் பத்து நாளாக நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு அலைந்தாள்.

ஆறு வருடமாக அவள் கடையில் செவ்வாய்க்கிழமை அண்ணன் சாப்பிடுவான், வெள்ளிக்கிழமை தம்பி. ஒரு தடவை பண்டிகை வியாழனில் வந்து கிழமைக் கணக்கு குழம்பியபோது, ஒருவன் முன்வாசலில் வர, மற்றவன் கரிமூட்டை வைக்கும் பின்வாசல் வழியே போனான்.

பகைக்குக் காரணம் ஒரு ஒலிபெருக்கி. எங்கள் கல்யாணங்களில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடித்து வாழ்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் ஸாவுத்தின் முறை வந்தது. மணமக்களை வாழ்த்தினான். கை தட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மைக் கையில் இருந்ததால் தம்பியைக் காட்டிச் சொன்னான்:

“இதோ நம்ம திலிவால்டி. இவன் கடையில மாவு பிசையறது மிஷின். மீசை மட்டும்தான் கையால முறுக்கினது.”

முந்நூறு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவன் திலிவால்டி ஒருவன்தான். அவன் மாவு பிசையும் மிஷின் வாங்கி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிசைவது மட்டும்தான் மிஷின், இழுப்பதெல்லாம் கைதான். சொன்னது முழுப்பொய்யாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பான். பாதி உண்மைக்குத்தான் ஆறு வருட ஆயுசு.

(இந்த மிஷின் விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று பின்னால் ஒரு நாள் ஹுர்ஷிதெமைக் கேட்டேன். “கழுதை மேல வந்தவன் பஸ்ல வந்தவனைப் பாத்து, இவனுக்குக் காலே இல்லைன்னு சொன்ன மாதிரி” என்றாள். யார் கழுதை, யார் பஸ் என்று விளக்கவில்லை.)

4

யோல்வாஸ் அகா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். நிகழ்ச்சி நிரல்.

“முதல்ல தேநீர். அப்புறம் ரொட்டி. அப்புறம் லக்மான். லக்மான் பாதி ஆனதும் மூத்தவர் பேசணும். முக்கால் ஆனதும் இளையவர் பதில் சொல்லணும். தட்டு காலியானதும் நான் துஆ ஓதுவேன். நடுவுல யாரும் இறங்கக் கூடாது.”

“எங்கேருந்து இறங்கறது?” என்றார் பெரியவர்களில் ஒருவர்.

“எழுந்திருக்கக் கூடாதுன்னேன்.”

ஒரே சாப்பாட்டு விரிப்பில், அது மேஜையில் விரித்ததானாலும், உட்கார்ந்து, முடிவில் துஆவுக்குக் கை ஏந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிட்டால், பழைய பேச்சை மறுபடி யாரும் எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். எழுந்த பிறகு அந்த விரிப்பிலிருந்து ஒரு திராட்சை கூட எடுத்து வாயில் போடக்கூடாது. நம் பந்தியில் இலையை மடித்துவிட்டால் எப்படியோ, அப்படி. எனவே துஆ கடைசியில்தான் வரும். யோல்வாஸ் அகாவின் துஆவோ பேட்டை முழுக்கப் பிரசித்தம்: உலக சமாதானம், மழை, பரீட்சை எழுதும் பிள்ளைகள், வெளியூரில் இருப்பவர்கள், குழாயில் வராத தண்ணீர், இவை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு பதினொரு நிமிடம் போகும். பழக்கப்பட்டவர்கள் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்வார்கள்.

தேநீர் வந்தது. ரொட்டி வந்தது.

ஸாவுத் மேஜையைப் பார்த்தபடி சொன்னான்: “அகா, எதிர்ல இருக்கறவர்கிட்ட சொல்லுங்க, அந்த ரொட்டித் தட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி.”

“திலிவால்டி, ரொட்டி” என்றார் யோல்வாஸ் அகா.

“கையால தள்ளினாப் போதுமான்னு கேளுங்க அகா. மிஷின்தான் வேணும்னா நான் சந்தைக்குப் போய் எடுத்துட்டு வரணும்.”

சன்னலுக்கு இந்தப் பக்கம் ஹுர்ஷிதெம் மாவுக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். பரிமாறும் பாத்திகுல் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஹெதெ, நெத்தியில மாவு” என்றாள். ஹெதெ என்றால் அக்கா.

“இருக்கட்டும். அங்க என்ன பண்றாங்க?”

“பெரியவரு காகிதத்தைப் படிக்கறாரு. உங்க அண்ணன் ரொட்டியைப் பாக்கறாரு. உங்க தம்பி அண்ணனைப் பாக்காம இருக்கறதுக்காகக் கூரையைப் பாக்கறாரு. கூரையில ஒட்டடை இருக்கு ஹெதெ, பெருக்கணும்.”

“அந்த அஞ்சு பேரு?”

“அவங்க சமையலறையைப் பாக்கறாங்க.”

5

இந்த இடத்தில் நான் ஒரு அருமையான பகுதி எழுதியிருந்தேன். அதை இங்கே அப்படியே விட்டுவைக்கிறேன்.

‘அப்போது ஹுர்ஷிதெம் ஒரு முடிவெடுத்தாள். தனித்தனித் தட்டுகள் வேண்டாம், ஒரே தாம்பாளம். அதில் அறுபடாத ஒரே இழை. ஒரு முனை அண்ணன் பக்கம், மறுமுனை தம்பி பக்கம். இருவரும் உண்ண உண்ண, இழை சுருங்கச் சுருங்க, ஆறு வருடத் தூரமும்

இதை அவளுக்கு வாய்விட்டு மொழிபெயர்த்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க சமைச்சிருக்கீங்களா?”

“சமைச்சிருக்கேன்.”

“என்ன?”

“முட்டை.”

“அதான். ஒரே இழையை ரெண்டு பேரு ரெண்டு பக்கம் கடிச்சு இழுத்தா, நடுவுல இருக்கற குழம்பு எங்க போகும்? மேஜை மேல. அதை யாரு தொடைக்கறது?”

“இது ஒரு குறியீடு, ஹுர்ஷிதெம்.”

“சரி, குறியீட்டை யாரு தொடைக்கறது?”

அன்று அவள் உண்மையில் போட்ட திட்டம் வேறு. ஸாவுத்துக்கு லக்மானில் செலரித் தண்டு ஆகாது. திலிவால்டிக்கு அது இல்லாமல் இறங்காது. சின்ன வயதில் ஒருவன் பொறுக்கி எடுத்ததை மற்றவன் தட்டில் போடுவான். ஆகவே அண்ணனுக்குச் செலரியோடு ஒரு தட்டு, தம்பிக்குச் செலரி இல்லாமல் ஒரு தட்டு, வேண்டுமென்றே மாற்றிக் கொடுப்பது. மாற்றிக்கொள்ளாமல் சாப்பிட முடியாது. பேசாமல் மாற்றிக்கொள்ள முடியாது.

என் இழையைவிட இது நல்ல திட்டம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

6

ஹுர்ஷிதெம் மாவை இழுத்தாள், மடித்தாள், பலகையில் அறைந்தாள், மறுபடி இழுத்தாள். இழைகளைக் கொதிக்கும் கொப்பரையில் போட்டாள். லக்மானுக்கு அதன்பிறகு மூன்றே நிமிடம். அது தாமதத்தையும் மன்னிக்காது, அவசரத்தையும் மன்னிக்காது. (முதல் பத்தியின் மன்னிப்பு இங்கே கொஞ்சம் உதவுகிறது பாருங்கள்.)

சல்லடைக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சன்னல் வழியே பார்த்தாள். யோல்வாஸ் அகா காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, சமையலறைக் கதவை ஒட்டிய மூலைப் பக்கமாகப் பார்த்தார். ஒரு கணம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. பிறகு காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஏந்தினார்.

எங்கள் பேட்டையில் ஒருவர் கை ஏந்தினால், எதற்கு என்று கேட்டுவிட்டு ஏந்துகிறவர் கிடையாது. ஓடும் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்: முன் சீட்டில் யாரோ ஏந்த, அது கடைசி சீட் வரை போய்விடும். டிரைவர் மட்டும் ஒரு கையால் ஏந்துவார். எனவே ஐந்து பெரியவர்களும் ஏந்தினார்கள். ஸாவுத் ஏந்தினான். திலிவால்டி ஏந்தினான். எல்லோரும் ஏந்திய பிறகு எல்லோரும் யோல்வாஸ் அகாவைப் பார்த்தார்கள்.

“இறைவா” என்றார் யோல்வாஸ் அகா. கொஞ்சம் யோசித்தார். “எல்லாரையும்... நல்லபடியா. ஆமீன்.”

“ஆமீன்” என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மழையும் பரீட்சையும் குழாய்த் தண்ணீரும் அன்று விட்டுப்போயின.

பாயசம் வருவதற்கு முன்னால் பந்தியின் பெரியவர் இலையை மடித்துவிட்டால் மற்ற இலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்களே, ஐந்து பெரியவர்களும் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள்.

“அகா, லக்மான் இன்னும் வரலையே?” என்றார் பெரியவர்களில் மிகவும் பசித்தவர்.

“தெரியும்” என்றார் யோல்வாஸ் அகா. தெரியாதவர்கள் மட்டுமே அவ்வளவு சீக்கிரம் அதைச் சொல்வார்கள்.

“நான் இன்னும் பேசவே இல்லையே” என்றான் ஸாவுத். நாலு நாளாக லாரியில் தனியாக உட்கார்ந்து பேசிப் பழகியிருந்தான்.

“நான் இன்னும் கோபமே படலை” என்றான் திலிவால்டி, கூரையைப் பார்த்து.

யோல்வாஸ் அகா எழுந்தார். தலைவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டியதுதான். “ஒரே விரிப்புல உக்காந்தாச்சு. துஆ ஏந்தியாச்சு. துஆவுக்கு மேல பேச்சு கிடையாது. வண்டி கிளம்பியாச்சு.”

அவர் ஏன் அப்போது கை ஏந்தினார் என்பதற்குப் பேட்டையில் பல விளக்கங்கள் உலவுகின்றன. தொலைநோக்கு, என்கிறது பத்திரிகை. சர்க்கரை இறங்கியிருக்கும், என்கிறாள் பாத்திகுல். அவரோடு டிப்போவில் வேலை பார்த்தவர் சொல்வது: அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து துஆ ஓதுவது சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்கு, அன்று கடிகாரமும் பன்னிரண்டே முக்கால். என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் நான் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால் மரியாதையாக விலகிப் போனார்கள்.

7

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் ஹுர்ஷிதெமுக்குக் கேட்டது. எட்டுப் பேருக்கான இழை கொப்பரையில் புரண்டுகொண்டிருந்தது. துஆ முடிந்த மேஜையில் அதை வைக்க முடியாது. செலரித் தட்டை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சட்டப்படி இரண்டு பேரும் சமாதானம். ஆனால் இப்போது இரண்டு பேரும் ஒரே வாசல் வழியே போய் இரண்டு திசையில் பிரிவார்கள். கல்யாணத்தன்று இரண்டு நாற்காலியில் எது காலியாக இருக்கும் என்று அவள் யோசித்தாள். இரண்டுமே என்று தோன்றியது.

“லக்மான் வெந்தாச்சு” என்றாள் சன்னல் வழியே, யாரிடம் என்றில்லாமல்.

எல்லோரும் கோட்டுகளை எடுக்க வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் கோட்டு மாட்டியிருந்தது அடுத்தடுத்த ஆணிகளில். திலிவால்டி ஒரு கையை மட்டும் நுழைத்தவன் அப்படியே நின்றான். அவனுக்குக் கொதியின் சத்தம் தெரியும்.

“இன்னும் வடிக்கலையா?” என்றான்.

“வடிச்சு யாருக்குப் போடறது?” என்றாள் ஹுர்ஷிதெம்.

“வடிக்காம விட்டா குழைஞ்சு போயிடும் ஹெதெ.”

“போகட்டும்.”

குழைந்து போகட்டும் என்று ஒரு இழைக்காரி சொல்லி அவன் கேட்டதே இல்லை. ஒற்றைக் கை கோட்டோடு கூடத்தைக் கடந்தான்.

“துஆ முடிஞ்சாச்சு தம்பி, இனிமே சாப்பிடக் கூடாது” என்றார் யோல்வாஸ் அகா.

“துஆ மேஜைக்குத்தான் அகா. சமையலறையில மேஜை இல்லை.”

ஐந்து பெரியவர்களும் இந்தச் சட்ட நுணுக்கத்தை ஆழ்ந்து யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

திலிவால்டியின் கோட்டு, மாட்டாத பக்கம் தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. சமையலறை வாசலில் எப்போதும் மாவு சிந்தியிருக்கும். ஸாவுத் ஆணியருகே நின்று அதையே பார்த்தான். பிறகு நாலு எட்டில் பின்னால் போய், குனிந்து, தொங்கிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“மாவுல படுது” என்றான்.

அதைத் தம்பியிடம் சொன்னானா, கோட்டிடம் சொன்னானா என்று தெரியவில்லை. தம்பி திரும்பவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்தான். ஒருவன் கோட்டின் கையை மற்றவன் பிடித்தபடி இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பாத்திகுல் கதவைச் சாத்தினாள். சன்னலையும் சாத்தினாள்.

8

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. கண் திறக்க முடியாத அளவு நெகிழ்ந்து போயிருந்தேன்.

(அ) கொப்பரையின் ஆவியில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் மன்னிப்புக் கேட்டான். தம்பி அழுதான். (முதல் பத்திக்குப் பொருத்தம். ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை.)

(ஆ) ஸாவுத் தன் நாலு நாள் பேச்சைத் தொடங்கினான். திலிவால்டி சொன்னான்: “சட்டம் என்ன? துஆவுக்கு மேல பேச்சு கிடையாது.” பேசவிடாமல் அடித்ததுதான் அவனுடைய ஆறு வருடப் பழி. (இது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆகவே பொய்யாக இருக்கும்.)

(இ) ஹுர்ஷிதெமின் வாக்குமூலம், அவள் வார்த்தையிலேயே:

“நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க. அண்ணன் செலரியைப் பொறுக்கித் தம்பி தட்டுல போட்டான். தம்பி வினிகர் கேட்டான். அவன் குடுத்தான். முடிஞ்சுது.”

“வேற ஒண்ணுமே பேசலையா?”

“பேசினாங்க. ‘மாவு நல்லாருக்கே, எத்தனை நேரம் பிசைஞ்சே’ன்னு அண்ணன் என்னைக் கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மிஷின்னு சொன்னேன்.”

“மிஷினா?”

“ரெண்டு வருஷமா மிஷின்தான். இந்தத் தோளை வெச்சுக்கிட்டு நாலு கிலோ யாரு பிசையறது?”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“இன்னும் கொஞ்சம் போடுன்னான்.”

இங்கே கதையை முடித்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் கல்யாணம் வருகிற சனிக்கிழமைதான். இரண்டு நாற்காலிக்கும் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டியாகிவிட்டது, அடுத்தடுத்து. இரண்டு பேரும் வந்து உட்காருவார்களா, ஸாவுத் கையில் யாராவது மைக்கைக் கொடுப்பார்களா, கொடுத்தால் என்ன சொல்வான் என்பதெல்லாம் இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. நாற்காலிகளை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இரண்டிலும் ஆள் உட்கார வைப்பதோ, ஒன்றைக் காலியாக விடுவதோ உங்கள் இஷ்டம். மைக்கை மட்டும் தள்ளி வையுங்கள்.

9

ஓரமாக வைத்த துண்டு மிச்சமிருக்கிறது.

அதை எங்கள் பேட்டையில் சொல்ல முடியாது. அந்தத் துஆ செல்லும் என்பதன் மேல்தான் இரண்டு நாற்காலியும் நிற்கின்றன. அது எதனால் வந்தது என்று தெரிந்துவிட்டால், ‘அப்படியானா நான் இன்னும் கோபப்பட வேண்டியிருக்கு’ என்று ஒருவன் எழுந்திருக்கலாம். யோல்வாஸ் அகாவும் செய்தியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். ஆகவே இந்தக் கதையைத் தமிழில் எழுதுகிறேன். பேட்டையில் தமிழ் படிக்கிறவன் நான் ஒருவன்தான்.

ஹுர்ஷிதெமுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் சன்னலிலிருந்து மூலை மேஜை நேராகத் தெரியும். மறுநாள் நான் போனபோது என் மேஜை டம்ளரில், நாலாக வெட்டிய கைதுடைக்கும் காகிதம் பிதுங்கப் பிதுங்கச் செருகியிருந்தது. அழைப்பிதழைக் கொடுக்கும்போது சொன்னாள்:

“கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும். கையைக் கீழேயே வெச்சுக்கங்க.”

அந்தச் சனிக்கிழமை என் மேஜையில் லாசா ஜாடியின் மூடி இறுகியிருந்தது. திருகியபோது மொத்தமாகத் திறந்துகொண்டு, அந்த மிளகாய் எண்ணெய் பத்து விரலிலும் வழிந்தது. டம்ளரில் காகிதம் இல்லை. பாத்திகுல் கண்ணில் படட்டும் என்று இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன். பாத்திகுல் பார்க்கவில்லை. யோல்வாஸ் அகா பார்த்தார்.

எல்லோரும் ஆமீன் சொன்னபோது நானும் அதே கையால் முகத்தைத் தடவிக்கொண்டேன்.